கினிப்பன்றிக்கு ஏற்ற மரக்கறிகள்

நாய்க்கும் பூனைக்கும் இடம் போதாத அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகள் கேட்டு வாங்கும் செல்லப்பிராணிகளுள் கினிப்பன்றி முதன்மையானது. ஜேர்மன் மொழியில் இதனை மேர்ஷ்வைன்ஷென், அதாவது கடற்பன்றிக்குட்டி என்பர். உண்மையில் இது கடலில் வாழ்வதும் அன்று, பன்றி இனமும் அன்று. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதி மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்து வந்த இக்கொறிவிலங்கு, 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. கடல் கடந்து வந்ததாலும் பன்றிக்குட்டியைப் போலக் கீச்சிடுவதாலும் இப்பெயர் நிலைத்தது என்பர்.

கடையில் கூடு, நீர்க்குப்பி, தீன்பொதி எல்லாம் வாங்கியாகிவிடும். நாள்தோறும் என்ன மரக்கறி கொடுப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பின்னரே எழும். தமிழ் வீடுகளில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் சமையலறையே விடை சொல்கின்றது: கரட் சீவிய தோல், கோவாவின் வெளியிலை, உருளைக்கிழங்குத் தோல், வெங்காயத்தாள், மிஞ்சிய சோறு. ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கழுநீரும் காய்கறித் தோலும் வைத்துப் பழகிய கை இங்கும் அவ்வாறே செய்கின்றது. எதனையும் வீணாக்காத நல்ல பழக்கந்தான் அது. ஆயினும் ஆடும் மாடும் இரைமீட்கும் விலங்குகள். கினிப்பன்றியோ ஒரு கிலோகிராம் அளவு எடையுள்ள, ஒற்றை இரைப்பை கொண்ட சிறு பிராணி. மேற்சொன்ன ஐந்தில் முதல் இரண்டும் அதற்குக் கொடுக்கத் தக்கவை. பின்னைய மூன்றும் ஆகாதவை. ஏன் என்பது அதன் வாயையும் வயிற்றையும் அறிந்தால் விளங்கும்.

புல் முதலில், மரக்கறி அடுத்து

கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வெளியே தெரியும் முன்பற்கள் மட்டுமன்றி, உள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப் பற்களும் அவ்வாறே வளர்கின்றன. புல்லை நெடுநேரம் அரைத்து மெல்வதாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. மென்மையான தீனை மட்டும் உண்ணும் பிராணியின் பற்கள் கோணலாக வளர்ந்து, நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்போது அது பசியோடு தீனருகே வந்து, முகர்ந்துவிட்டு, உண்ணாமல் திரும்பும்.

இரைப்பையும் தனித்தன்மை உடையது. அதன் தசைகள் வலுவற்றவை. புதிதாக உண்ணும் உணவே முன்னர் உண்டதைக் குடலுக்குள் தள்ளிச் செல்லும். அதனால் கினிப்பன்றி இரவும் பகலும் சிறிது சிறிதாகப் பல முறை உண்ண வேண்டியுள்ளது. உணவு வருவது நின்றால் குடலின் ஓட்டமும் நின்று, உள்ளே வாயு திரளும். வாந்தி எடுக்கவும் இவ்விலங்கால் இயலாது. ஆகாததை உண்டுவிட்டால் அதனை வெளியேற்ற வழியில்லை என்பதே இதன் பொருள். ஆகவே கூட்டில் உலர்ந்த புல் எந்நேரமும் நிறைந்திருத்தல் வேண்டும். மரக்கறி எவ்வளவு சிறந்ததாயினும் அது புல்லுக்கு ஈடாகாது.

புல்லைக் குறித்து இங்கு ஒரு சொல் மயக்கத்தைத் தெளிவுபடுத்துவது நன்று. தமிழில் வைக்கோல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். ஜேர்மன் கடைகளில் இரு வேறு பொதிகள் உண்டு. ஹொய் என்பது புல்லை அறுத்துக் காயவைத்தது, பச்சை நிறமும் நறுமணமும் கொண்டது, உணவாவது இதுவே. ஸ்ட்ரோ என்பது தானியம் எடுத்தபின் எஞ்சிய மஞ்சள் தாள், அதாவது நாம் ஊரில் அறிந்த வைக்கோல். அது படுக்கையாக விரிப்பதற்கு உரியது. சத்து மிகக் குறைந்தது. சொல்லை நம்பி ஸ்ட்ரோவை மட்டும் வாங்கி வைக்கும் வீட்டில் பிராணி பட்டினி கிடக்கும்.

புல்லுக்கு அடுத்த இடம் பச்சை மரக்கறிக்கும் இலைக்கும் உரியது. பச்சைத்தீனுக்குப் பழகிய வளர்ந்த கினிப்பன்றிக்கு, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழச் சரியான அளவாகும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பிராணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம். அதனை ஒரே தடவையில் குவிக்காமல் காலை, மாலை எனப் பிரித்துக் கொடுப்பது வயிற்றுக்கு இதமானது. கடைத் தீன்பொதிகளில் உள்ள தானியமும் நிறமூட்டிய துண்டுகளும், தேன் பூசிய கொறிக்கும் குச்சிகளும் தேவையற்றவை. பல வேளைகளில் தீங்கானவை. தானியத்தால் வயிறு நிறைந்த பிராணி புல்லைத் தொடாது. முயலுக்கென விற்கப்படும் தீனும் பொருந்தாது. அதற்கான காரணம் தனியே விளக்கத்தக்கது.

விற்றமின் சி

பெரும்பாலான விலங்குகள் தமக்கு வேண்டிய விற்றமின் சியைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நாய், பூனை, முயல், ஆடு, மாடு யாவும் அவ்வாறே. மனிதராலும் கினிப்பன்றியாலும் அது இயலாது. அதனை ஆக்குவதற்கு வேண்டிய ஒரு நொதியம் இவ்விரு உடல்களிலும் இல்லை. முயலுக்கான தீனில் விற்றமின் சி சேர்க்க வேண்டிய தேவை இல்லாததால், அதனை மட்டும் உண்ணும் கினிப்பன்றி மெல்ல நோயுறும்.

இவ்வுண்மை அறியப்பட்ட வரலாறு சுவையானது. நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளை ஈறுகளில் குருதி வழியச் செய்து கொன்ற ஸ்கர்வி நோயின் காரணம் நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. 1907ஆம் ஆண்டு, நோர்வே நாட்டு ஆய்வாளர்களான அக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் பிரோலிஷ் ஆகிய இருவரும் கினிப்பன்றிகளுக்குத் தானியமும் பாணும் மட்டும் கொடுத்து வளர்த்தபோது, அவற்றிற்கு மாலுமிகளின் அதே நோய் வந்தது. பச்சை மரக்கறி கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. பின்னர் 1930களில் ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆய்வு செய்த ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, தாம் முன்னர் பிரித்தெடுத்திருந்த பொருளே விற்றமின் சி என்பதை நிறுவினார். அதற்கான சோதனையும் கினிப்பன்றிகளைக் கொண்டே நடந்தது. அப்பொருளைப் பெருமளவில் பெறுவதற்கு அவருக்குக் கைகொடுத்தது செகெட் நகரின் பெயர்பெற்ற விளைபொருளான பப்ரிக்கா மிளகாய். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் அதே பப்ரிக்காவே கினிப்பன்றி வளர்ப்போருக்கும் மிக எளிய தீர்வாக இருக்கின்றது.

நலமாக உள்ள கினிப்பன்றிக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை விற்றமின் சி வேண்டும். சினையான பிராணிக்கும் நோயுற்ற பிராணிக்கும் இதனினும் கூடுதலாக வேண்டும். 100 கிராம் சிவப்புப் பப்ரிக்காவில் 120 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. கணக்கு எளிது: விரல் நீளத்தில் இரண்டு கீற்று, அதாவது 15 முதல் 20 கிராம் வரை கொடுத்தால் ஒரு நாளின் தேவை நிறைவேறும். பச்சைப் பப்ரிக்காவில் இச்சத்துச் சற்றுக் குறைவு, எனினும் போதுமானது. காம்பையும் அதனைச் சூழ்ந்த பச்சைப் பகுதியையும் நீக்கிவிடல் வேண்டும். பெயர் மிளகாய் எனினும் இதில் உறைப்பு இல்லை. உறைப்பான பச்சை மிளகாயும் செத்தல் மிளகாயும் கினிப்பன்றிக்கு ஒருபோதும் ஆகா.

குறைபாடு ஒரே நாளில் தெரியாது. போதிய பச்சைத்தீன் இன்றி இரண்டு மூன்று வாரங்கள் கழியும்போது பிராணி சோர்ந்து, நடக்கத் தயங்கும். தூக்கினால் மூட்டு வலியால் கத்தும். உரோமம் பொலிவிழக்கும். சிறு காயமும் ஆற நாள் எடுக்கும். பிள்ளைகள் அதனைச் சோம்பல் என்றோ கோபம் என்றோ எண்ணிக்கொள்வதுண்டு. குடிநீரில் கலக்கும் விற்றமின் துளிகள் பரவலாக விற்கப்படினும் அவற்றை நம்புவதற்கில்லை. ஒளியிலும் நீரிலும் அச்சத்து விரைவில் அழிகின்றது. நீரின் சுவை மாறுவதால் பிராணி குடிப்பதையே குறைத்துவிடுவதும் உண்டு. பொதியில் அடைத்த தீனில் சேர்க்கப்பட்ட விற்றமினும் நாட்செல்லச் செல்லக் குறையும். மலிவு விலைக்கு வாங்கி ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் பெரிய பொதியில் அது எஞ்சியிராது.

கடையில் எதனைத் தெரிவு செய்வது

நாள்தோறும் கொடுக்கத்தக்கவை இலைகளே. கசப்புச் சலாது வகைகளான எண்டீவியெ, சிக்கோரே, ரடிக்கியோ ஆகியவற்றைக் கினிப்பன்றிகள் விரும்பி உண்ணும். பெருஞ்சீரக மணமுள்ள பென்ஷல் கிழங்கும் அதன் மெல்லிய இலையும் வயிற்றுக்கு இதமானவை. ஊரில் நோக்கோல் என்று நாம் அறிந்த கோல்ராபியின் கிழங்கைவிட அதன் இலையே சத்து மிக்கது. வாங்குவோர் பலர் அவ்விலையைக் கடையிலேயே கிள்ளிப் போட்டுவிட்டுச் செல்கின்றனர். கேட்டால் கடைப் பணியாளர் அதனை விலையின்றித் தருவதுண்டு. புவர் நகர்ப்பகுதி போன்ற இடங்களில் கூடும் வாரச்சந்தைகளில், சந்தை முடியும் வேளையில் கரட் இலையும் இவ்வாறு கிடைக்கக்கூடும். கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. செல்லப்பிராணிக்கு என்று சொன்னால் இந்நாட்டில் எவரும் வியப்படையார்.

ஐஸ்பேர்க் எனப்படும் உருண்டைச் சலாதில் நீரைத் தவிர வேறு சத்து அதிகம் இல்லை. கெக்கரிக்காயும் அத்தகையதே, ஆயினும் வெயில் நாட்களில் நீர் குறைவாகக் குடிக்கும் பிராணிக்கு அது உதவும். கரட் கொடுக்கலாம். ஆனால் கினிப்பன்றி என்றால் கரட் என்று எண்ணி நாள்தோறும் முழுக் கிழங்கைக் கொடுப்பது சரியன்று. அதில் இனிப்பு மிகுதி, விற்றமின் சியோ குறைவு. ஒரு துண்டு போதும். அப்பிள், முந்திரிகை முதலிய பழங்களை வாரத்தில் ஓரிரு தடவை, பெருவிரல் நகமளவு துண்டாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

புரொக்கோலி, கோவா, பூக்கோவா ஆகிய குடும்பத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. இவை வாயுவை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் வயிறு உப்பிய பிராணிகள் பல, பழக்கமில்லாமல் ஒரேயடியாக அதிகம் உண்டவையே. நாள்தோறும் புல் உண்டு பழகிய பிராணிக்கு முதல் நாள் நகமளவு, மறுநாள் சற்றுக் கூட என்று பழக்கினால் புரொக்கோலி நல்ல உணவே. அதில் விற்றமின் சி நிறைய உண்டு. குளிர்காலத்தில் பப்ரிக்காவின் விலை ஏறும்போது, இப்பகுதியில் மலிவாகக் கிடைப்பது குறூன்கோல் என்னும் சுருள் இலைக் கோவா. தமிழ் வீடுகளில் வறையாகும் அதே கீரைதான். சமைப்பதற்கு முன் ஒரு சிறு இலையை எடுத்து வைத்தால் கினிப்பன்றிக்கும் பங்கு கிடைக்கும். அதில் கல்சியம் கூடுதலாதலால் நாள்தோறும் வேண்டாம்.

கல்சியத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கினிப்பன்றியின் உடல் உணவிலுள்ள கல்சியத்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சி, மிகையானதைச் சிறுநீரில் வெளியேற்றும். அது சிறுநீர்ப்பையில் படிந்து கல்லாக இறுகினால் அறுவைச் சிகிச்சை வரை செல்லும். பேத்தர்சீலியெ என்னும் பார்ஸ்லி இலை, பசளிக்கீரை, மங்கோல்ட், லோவன்சான் ஆகியவை கல்சியமோ ஒக்சலேற்றோ மிகுந்தவை. பார்ஸ்லி விற்றமின் சி நிறைந்தது என்று கேள்விப்பட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுப்போர் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று கிளை என்றால் அது மருந்து. நாளுக்கு ஒரு கட்டு என்றால் தொல்லை. கூட்டின் விரிப்பில் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெண்பொடி தடிப்பாகப் படிவது, சிறுநீர் கழிக்கும்போது கத்துவது, சிறுநீரில் குருதி காண்பது ஆகியவை கண்டால் தாமதிக்கலாகாது. நீரூறிய இலைகளை மிகுதியாகவும் கல்சியம் நிறைந்தவற்றை இடையிடையேயும் கொடுத்து, கீரை வகைகளை நாளுக்கு நாள் மாற்றுவதே எளிய காப்பு.

தமிழ்ச் சமையலறையிலிருந்து

நம் சமையலறையில் எந்நாளும் இருக்கும் பொருட்களுள் கினிப்பன்றிக்கு உகந்தது கொத்தமல்லிக்கீரை. தமிழ்க் கடைகளிலும் துருக்கியர் கடைகளிலும் பெரிய கட்டாக, குறைந்த விலையில் கிடைக்கும். சமையலுக்கு இலையைக் கிள்ளியபின் தண்டை எறியாமல் கழுவிக் கொடுக்கலாம். அதன் மணத்தை அறிந்த பிராணி குளிர்ப்பெட்டி திறக்கும் ஓசைக்கே கீச்சிடத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறானது வெங்காயக் குடும்பம். வெங்காயம், சின்ன வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகிய அனைத்தும் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும் பொருளைக் கொண்டவை. தோலோ தாளோ சமைத்ததோ, எதுவும் ஆகாது. தாளிதம் செய்த எந்தக் கறியும் இதனாலேயே விலக்கப்படுகின்றது. உப்பும் எண்ணெயும் உறைப்பும் அதன்மேல் வேறு. உருளைக்கிழங்கின் பச்சை படிந்த தோலிலும் முளையிலும் நஞ்சு உண்டு. வெண்மையான பகுதியோ வெறும் மாப்பொருள். தக்காளிச் செடியின் இலை, காம்பு, காய் ஆகியவற்றிலும் அதே வகை நஞ்சு உள்ளது. நன்கு பழுத்த தக்காளியில் ஒரு சிறு துண்டு தீங்கில்லை. கத்தரிக்காயும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. கொடுக்காமல் விடுவதே நன்று. பச்சைப் போஞ்சியிலும் ஏனைய பச்சை அவரைகளிலும் சமைத்தால் அழிந்துவிடும் ஒரு நஞ்சு இருக்கின்றது. கினிப்பன்றிக்குச் சமைத்த உணவு ஒவ்வாததால் போஞ்சி எவ்வகையிலும் பயன்படாது. அவக்காடோவும் ருபார்பும் நஞ்சே.

சோறு, புட்டு, பாண், ரொட்டி ஆகியவை வயிற்றில் ஊறி நொதிக்கும். பழைய பாணைக் காயவைத்துக் கொடுத்தால் பல் தேயும் என்று இந்நாட்டு மூத்தோரும் நம்பிவந்தனர். அது தவறு, உமிழ்நீர் பட்டவுடன் பாண் களியாகிவிடும், பல்லைத் தேய்க்காது. வீட்டுக்கு வரும் விருந்தினர் அன்பு மிகுதியால் முறுக்கையோ பிஸ்கட்டையோ கம்பிக்குள் நீட்டுவதுண்டு. அவர்கள் மனம் நோகாமல் தடுப்பதற்கு, ஒரு கிண்ணத்தில் கொத்தமல்லித் தண்டுகளை நறுக்கிக் கூட்டருகே வைத்துவிடுவது நல்ல உபாயம்.

ஊரிலிருந்து வரும் கீரைகளையும் காய்களையும் பொறுத்தவரை, பிராணிக்கு ஏற்றது என்று உறுதியாகத் தெரியாத எதனையும் கொடுக்காதிருப்பதே முறை. பாகற்காயும் கறிவேப்பிலையும் நமக்கு மருந்தாவதால் கினிப்பன்றிக்கும் மருந்தாகும் என்று கொள்ளல் ஆகாது.

கொடுக்கும் எதனையும் கழுவி, நீரை உதறி, குளிர் நீங்கியபின் கொடுத்தல் வேண்டும். வாடியதும் பூஞ்சணம் பிடித்ததும் குப்பைக்கு உரியவை. உண்ணாது எஞ்சிய துண்டுகளைச் சில மணிநேரத்தில் அகற்றிவிடல் வேண்டும். இலைகளைத் தட்டில் பரப்புவதைவிடச் சிறு கட்டாகக் கட்டித் தொங்கவிடுவது நன்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆட்டுக்குக் குழை கட்டுவோர் இதனை நன்கு அறிவர்: தொங்கும் குழை மிதிபடாது, அழுக்காகாது, தின்னும் விலங்குக்கும் வேலை கொடுக்கும்.

வெளியே பறிக்கும் புல்

ரூர் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் தம் குடியிருப்புகளின் பின்புறத்தில் ஆடும் முயலும் புறாவும் வளர்த்தனர். ஆட்டைச் சுரங்கத் தொழிலாளியின் பசு என்றே அழைத்தனர். அவற்றிற்கான புல்லைப் பாதையோரங்களிலும் தண்டவாள ஓரங்களிலும் அறுத்தனர். இளவேனிலில் தானாக முளைக்கும் பசும்புல் கினிப்பன்றிக்கும் மிகச் சிறந்த உணவே, பணமும் மிஞ்சும். ஆயினும் எங்கே பறிப்பது என்பதில் கெல்சென்கிர்ச்சன் போன்ற நகரில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆயிரம் தீச்சுடர்களின் நகரம் என்று ஒருகாலத்தில் பெயர்பெற்ற நகரம் இது. நிலக்கரிச் சுரங்கங்களும் கற்கரி உலைகளும் இரும்பாலைகளும் இயங்கிய நிலங்கள் பலவற்றில், ஆலைகள் மூடப்பட்டபின்னும் மண்ணில் கழிவு எஞ்சியிருத்தல் கூடும். நோர்ட்ஸ்டேர்ன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டு, 1997இல் அவ்விடத்தில் கூட்டாட்சித் தோட்டக்கண்காட்சி நடந்தது. இன்று அது மக்கள் உலவும் பூங்கா. உலவுவதற்கு உகந்த பூங்கா என்பதாலேயே அது தீன் பறிப்பதற்கும் உகந்தது ஆகிவிடாது. பழைய தொழிற்சாலை நிலங்கள், செயற்கைக் குன்றுகள், இருப்புப்பாதை ஓரங்கள், வாகனம் மிகுந்த தெருவோரங்கள், நாய்கள் நடத்தப்படும் புற்றரைகள் ஆகியவற்றைத் தவிர்ப்பதே நன்று. ஒரு நிலத்தின் மண்ணில் மாசு உண்டா என்ற ஐயம் இருப்பின் நகர நிர்வாகத்தின் சுற்றாடற் பிரிவில் விசாரிக்கலாம். மருந்து தெளிக்காத தன் வீட்டுத் தோட்டமோ, நண்பரின் சிறுதோட்டமோ எல்லாவற்றிலும் மேலானது.

பறிப்போர் தாம் பறிப்பதை அறிந்திருத்தலும் இன்றியமையாதது. சாதாரணப் புல், லோவன்சான், வெகெரிஷ் என்னும் அகன்ற இலைப் பூண்டு ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும். வேலிகளில் வளரும் தூயாவும் ஐபெவும், சுவரில் படரும் எபோயும், இளவேனிலில் மணியாகப் பூக்கும் மைக்லொக்ஷெனும் கொடிய நஞ்சு உடையவை. கோடையில் மஞ்சளாகப் பூக்கும் யாக்கோப்ஸ்-குறொய்ட்ஸ்குறவுட் காய்ந்தாலும் நஞ்சு நீங்காதது. ஊரில் ஆடு கடிக்காமல் விட்ட செடியை மனிதரும் ஐயத்தோடு பார்த்தனர். ஆடாதொடைக்கு அப்பெயரே அவ்வாறு வந்தது என்பர். கூட்டிலேயே பிறந்து வளர்ந்த கினிப்பன்றியிடம் அத்தகைய பகுத்தறிவை எதிர்பார்க்க இயலாது. அது கிடைப்பதைக் கடித்துவிடும்.

பழக்குதலும் கவனித்தலும்

புதிதாக வந்த பிராணி முன்னர் என்ன உண்டது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பொதித்தீனில் வளர்ந்த பிராணிக்கு முதல் நாளே தட்டு நிறையச் சலாது வைத்தால் கழிச்சல் காணும். ஒரு நேரத்தில் ஒரு புதிய மரக்கறி, அதுவும் சிறு துண்டு. சாணம் உருண்டையாகவும் உலர்வாகவும் இருக்குமாயின் இரண்டு நாள் கழித்துச் சற்றுக் கூடுதலாக. இவ்வாறு இரண்டு மூன்று வாரங்களில் பல வகை மரக்கறிகளைப் பழக்கிவிடலாம். சிறு வயதில் அறியாத இலையை முதிர்ந்த கினிப்பன்றி எளிதில் தொடாது. ஆகவே குட்டிப் பருவத்திலேயே பல சுவைகளையும் காட்டிவைப்பது நன்று.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வைப்பது மிகப் பயனுள்ள வழக்கம். இதனைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடலாம். கினிப்பன்றி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. முகத்தில் தெரியும் முன் எடையில் தெரியும். ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அரை நாள் எதனையும் உண்ணாத கினிப்பன்றி அவசர நிலையில் உள்ளது. நாளை பார்ப்போம் என்று விடக்கூடிய விடயம் அன்று இது. ஒரே இரவில் உயிர் போகும். இரவிலும் வார இறுதியிலும் தியர்ஆர்ஸ்ட்லிஷர் நோட்டீன்ஸ்ட் எனப்படும் மிருக வைத்திய அவசர சேவையை அழைக்கலாம். வழக்கமான வைத்தியரின் தொலைபேசியில் பதிவுசெய்யப்பட்ட குரல் அன்றைய பணியில் இருப்பவரைத் தெரிவிப்பதுண்டு. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண விதிகளின்படி, அவசர சேவைக்கு 50 யூரோ தனிக்கட்டணமும், சிகிச்சைக்கு அடிப்படைக் கட்டணத்தின் இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரையும் அறவிடப்படும். பிராணி வாங்கும் நாளிலேயே இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கத் தொடங்கும் வீட்டில், அவ்விரவில் பெற்றோரும் பிள்ளையும் பணத்தைப் பற்றி வாதாட வேண்டி வராது.

வீட்டில் உள்ள மனித மருந்துகளைக் கொடுப்பது பெருந்தவறு. பென்சிலின், அமொக்சிசிலின் ஆகியவை மனிதருக்கும் நாய்க்கும் சாதாரண மருந்துகள். கினிப்பன்றியின் வாய்வழி கொடுத்தால் அதன் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களை அழித்து அதனைக் கொல்லக்கூடும்.

ஜேர்மனியின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, விலங்கை வளர்ப்பவர் அதன் இனத்துக்கும் தேவைக்கும் ஏற்றவாறு உணவளித்துப் பேணவேண்டும் எனக் கூறுகின்றது. பெற்றோரின் சம்மதமின்றி 16 வயதுக்கு உட்பட்டோருக்கு முதுகெலும்புள்ள விலங்குகளைக் கொடுக்கலாகாது என்பதும் அதே சட்டம். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினாலும் பொறுப்பு வளர்ந்தோருடையதே. கினிப்பன்றி கூட்டமாக வாழும் இயல்புடையது. துணையின்றி இருக்கும் பிராணி உணவிலும் நாட்டம் இழக்கும். மேலே கூறிய அளவுகள் யாவும் ஆகவே குறைந்தது இரண்டால் பெருக்கப்படவேண்டியவை. வாங்குமுன் நகரின் விலங்குகள் காப்பகத்தில் இல்லம் தேடிக் காத்திருக்கும் பிராணிகளைப் பார்ப்பது நன்று. அவை என்ன உண்டு பழகியவை என்பதையும் அங்குள்ளோர் சொல்வர்.

கோடை விடுமுறையில் குடும்பமாகப் பல வாரங்கள் இலங்கைக்கோ கனடாவுக்கோ செல்வோர், பிராணியை ஒப்படைக்கும் அயலவரிடம் வாய்மொழியாகச் சொல்லிச் செல்வது போதாது. எந்தப் புல், எந்த மரக்கறி, எத்தனை கிராம், எவை கூடவே கூடாது, எந்த வைத்தியர் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டின் மேல் ஒட்டிச் செல்லல் வேண்டும். ஜேர்மன் மொழியில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். வெங்காயம் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு இடுவதற்கு அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.